சாவி எங்கே என்று தெரியாத கார்

2019 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்தை ஒட்டிய நார்த் ஓம்ஸ்டெட் என்ற புறநகரில், சில தெருக்களுக்குள் மட்டும் கார்ச் சாவிகள் வேலை செய்யாமல் போயின. பொத்தானை அழுத்தினால் பூட்டு அசையவில்லை. வீட்டுக் கராஜ் கதவின் ரிமோட்டும் அப்படியே. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் அதே சாவி, அதே கார், ஒரு குறையுமில்லை. மின் நிறுவனத்தார் முதல் நகர மன்ற உறுப்பினர் வரை பலரும் தேடியபின், மே மாதத்தில் ஒரு வீட்டுக்குள் காரணம் அகப்பட்டது. அங்கே குடியிருந்த ஒருவர், மாடியில் யாராவது நடமாடினால் தனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் தானே ஒரு சிறு கருவியைச் செய்து வைத்திருந்தார். பேட்டரியில் ஓடிய அந்தக் கருவி 315 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஏராளமான கார்ச் சாவிகள் பேசுவதும் அதே அதிர்வெண்ணில்தான். பேட்டரியைக் கழற்றியதும் தெரு பழையபடி ஆனது. இதில் எந்தச் சாவியும் கெடவில்லை, எந்தக் காரும் கெடவில்லை. சாவி உரிமையாளரின் கையில் இருந்தது. சொல்லவேண்டிய விடையையும் சரியாகச் சொன்னது. அது காருக்குக் கேட்கவில்லை. கேட்காததால், சாவி இங்கே இல்லை என்று கார் முடிவு கட்டியது.

கேட்டால் சாவி பக்கத்தில் இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை. சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறக்கவும் எஞ்சினைக் கிளப்பவும் உதவும் ‘சாவியில்லா நுழைவு’ ஏற்பாடு, பல ஆண்டுகளாக இந்த ஒரே ஊகத்தின்மேல் நின்றுவந்திருக்கிறது. சொந்தக்காரருக்குத் திறக்க மறுப்பது ஒரு கோளாறு, திருடனுக்குத் திறந்துவிடுவது வேறொரு கோளாறு என்றுதான் வழக்கமாகப் பேசுகிறோம். முதலாவதை மெக்கானிக்கிடமும் இரண்டாவதைக் காவல் நிலையத்திடமும் ஒப்படைத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே ஊகத்தின் இரு விளைவுகள் என்பதே என் வாதம். அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது மோசமாகும். ஸ்போர்ட்ஸ் கார்கள் இதைப் பார்க்க நல்ல இடம். இந்த ஏற்பாட்டை முன்னதாகவே ஏற்றுக்கொண்டவற்றுள் அவையும் உண்டு, கதவின் சாவித்துளையைக் கைவிடத் துணிந்தவையும் அவற்றில் உண்டு, வாரக்கணக்கில் ஓடாமல் நிற்பவையும் அவைதான்.

முதலில் கார் எப்படிச் சாவியோடு பேசுகிறது என்று பார்ப்போம். கைப்பிடியைத் தொட்டதும் அதிலிருக்கும் உணரி காரின் கணினியை எழுப்புகிறது. கதவுகளிலும் உட்புறத்திலும் பொதித்துவைத்த கம்பிச் சுருள்கள் வழியாகக் கார் ஒரு விழிப்புக் குறியை வெளியிடுகிறது. இது சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிரும் காந்தப்புலம். பையில் கிடக்கும் சாவி அதை உணர்ந்து விழிக்கிறது. குறியோடு வந்த ஓர் எண்ணைத் தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு சேர்த்து ஒரு விடையைக் கணக்கிடுகிறது. அந்த விடையை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸிலும் ரேடியோ அலையாகத் திருப்பி அனுப்புகிறது. காரும் அதே கணக்கைத் தானே போட்டு வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பூட்டு திறக்கும். இதைச் சவால்–விடை முறை என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சவால் எண் மாறுவதால், நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டு வைத்திருப்பவனுக்கு இன்று அது உதவாது.

போவதற்கு ஓர் அதிர்வெண், வருவதற்கு வேறொன்று என்று ஏன் வைத்தார்கள் என்பதில்தான் பொறியாளர்களின் சாமர்த்தியமும் அவர்கள் செய்துகொண்ட சமரசமும் இருக்கின்றன. 125 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.4 கிலோமீட்டர். அதனுடன் ஒப்பிட்டால் ஒன்றிரண்டு மீட்டர் ஒன்றுமே இல்லை. அந்த நெருக்கத்தில் அலை இன்னும் அலையாகப் பிரிந்து போவதில்லை. சுருளைச் சுற்றிய காந்தப்புலமாகவே இருக்கிறது. இந்த நெருக்கத்துக்கு அண்மைப்புலம் என்று பெயர். அண்மைப்புலத்தின் வலிமை தொலைவின் முப்படிக்கு ஏற்பச் சரியும். தொலைவு இரட்டித்தால் வலிமை எட்டில் ஒன்று, பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒன்று. ஆகவே ஒன்றரை மீட்டருக்குள் நிற்கும் சாவிக்குத் தெளிவாகக் கேட்கும். நான்கைந்து மீட்டரில் கேட்கவே கேட்காது. இந்தச் செங்குத்தான சரிவைத்தான் வேலியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்னொரு லாபமும் உண்டு. இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கச் சாவிக்குச் சில மைக்ரோஆம்பியர் மின்சாரம் போதும். சாவிக்குள்ளே இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 என்ற காசு அளவுப் பேட்டரி. அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. பத்து மைக்ரோஆம்பியர் வீதம் குடித்தால் 22,000 மணி, அதாவது இரண்டரை ஆண்டு தாங்கும். வேலை அத்தனையும் இந்தச் சிறு வில்லைக்குள் முடியவேண்டும். அதனால்தான் சாவி தன் தொலைவை அளப்பதில்லை. புலம் எட்டுகிறதா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

வேலி நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குலைக்க ஒன்றும் குறுக்கே வராதவரை. காந்தப்புலத்துக்குத் திசை உண்டு. சுருளுக்குக் குறுக்காகச் சாவி திரும்பியிருந்தால் கேட்காது என்பதால், சாவிக்குள் மூன்று திசைகளில் மூன்று சுருள்கள் வைக்கிறார்கள். ஆனால் அதே பையில் செல்போன் ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பிப் புலத்தைத் தின்றுவிடும். காருக்குள்ளே செல்போனைக் கம்பியில்லாமல் சார்ஜ் செய்யும் தட்டு இன்னும் நேரடியான எதிரி. பரவலாக உள்ள சீ முறைச் சார்ஜர்கள் இயங்குவது ஏறத்தாழ 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை. விழிப்புக் குறி நிற்பது சரியாக அதன் நடுவில். சாவியை அந்தத் தட்டின் பக்கத்தில் போட்டுவிட்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறவருக்கு ‘சாவி காணவில்லை’ என்று திரையில் எழுத்து வருவதில் வியப்பு ஏதுமில்லை. கைப்பிடியின் உணரி வேறொரு வகையில் ஏமாறும். அது விரல் நெருங்கும்போது மின்தேக்குத்திறன் மாறுவதை உணர்வது. நீருக்கும் அந்த மாற்றத்தை உண்டாக்கும் குணம் மிகுதி. கார் கழுவும்போது, சாவி பக்கத்தில் இருந்தால், கதவு மாறிமாறிப் பூட்டித் திறக்கலாம். சாவியை இரண்டு மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டுக் கழுவுங்கள் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. பிறகு அந்தச் சின்னப் பேட்டரி. குளிர் கூடினால் அதன் உள்தடை ஏறும், விடையை ஒலிபரப்ப ஒரு கணம் மின்னோட்டம் பாயவேண்டிய நேரத்தில் மின்னழுத்தம் படுத்துவிடும். சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிற வழக்கம் இருந்தால், அடிக்கடி விழித்து விழித்து வில்லை சீக்கிரம் தீரும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தச் சில்லறைத் தொல்லைகள் பெருந்தொல்லைகள் ஆவதற்குக் காரணங்கள் உண்டு. வார இறுதிக்கு மட்டும் வெளியே வரும் காரின் பெரிய பேட்டரி, நிற்கும்போதும் காவல் காக்கும் மின்சுற்றுகளுக்குத் தீனி போட்டுத் தேய்கிறது. தேய்வைக் குறைக்கக் கார்களே காதை மூடிக்கொள்கின்றன. டொயோட்டாவின் கையேடுகளில், 14 நாள் பயன்படுத்தாவிட்டால் ஓட்டுநர் கதவைத் தவிர மற்றக் கதவுகளில் இந்த வசதி நின்றுவிடும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காதவருக்கு அது கோளாறாகத்தான் தெரியும். உடற்கட்டும் சேர்ந்து குழப்புகிறது. உருக்கு உடல் உள்ளே-வெளியே என்ற எல்லையைத் தானே ஓரளவு வரைந்து கொடுத்துவிடும். செவர்லே கார்வெட்டுக்கு 1953 முதல் இழைக்கண்ணாடி வகை உடல். ரேடியோவுக்கு அது ஏறத்தாழக் கண்ணாடி ஜன்னல்தான். மெக்லாரனின் உட்கூடோ கரிம இழை. மின்சாரம் கடத்தும் பொருளாதலால் அது உயர் அதிர்வெண் அலைகளைத் தடுக்கும். சுருள்களை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதை ஒவ்வொரு உடலுக்கும் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்கள் செய்யும் நிறுவனம் அதற்குச் செலவிடக்கூடிய நேரம் குறைவு.

கார்வெட்டில் 1993-லேயே, சாவியோடு நெருங்கினால் பூட்டு திறந்து விலகினால் பூட்டிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டு மாடலான ஆறாம் தலைமுறைக் கார்வெட் இன்னும் ஒரு படி போனது. கதவுகளில் சாவித்துளையே கிடையாது. கைப்பிடிக் குழிக்குள் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மின்மோட்டார் தாழ்ப்பாளை விடுவிக்கும். உள்ளேயும் பொத்தான்தான். பேட்டரி செத்துவிட்டால்? பின்புறம் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சாவித்துளை இருக்கிறது. அதில் சாவியிட்டுப் பின்கதவைத் தூக்கி, உள்ளே தேடினால் ஒரு பட்டை கிடைக்கும். அதை இழுத்தால் ஓட்டுநர் கதவு திறக்கும். காருக்குள் சிக்கியவருக்கு, இருக்கைக்குப் பக்கத்தில் தரையோரம் ஒரு கைம்முறை நெம்பி உண்டு. 2015-ல் டெக்சாஸ் மாநிலத்தில் இந்தத் தலைமுறைக் கார் ஒன்றில் பேட்டரிக் கம்பி கழன்றுபோய்க் கதவும் ஹாரனும் செயலிழக்க, உள்ளேயிருந்த முதியவர் ஒருவர் கோடை வெப்பத்தில் இறந்துபோனார். நெம்பி அங்கேதான் இருந்தது. அதன் இருப்பிடம் தெரிந்தால்தான் அது நெம்பி. சாவியில்லா நுழைவின் நம்பகம் வெறும் சௌகரியப் பிரச்சினை என்று சொல்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி அதே ஊகத்தின் மறுபக்கம். 2011-ல் சூரிக்கிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சியோன், டானேவ், சாப்குன் என்ற மூவர் 8 தயாரிப்பாளர்களின் 10 கார் மாடல்களை எடுத்துக்கொண்டு ஓர் எளிய சோதனை செய்தார்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வளையம். சாவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட கேபிள், அல்லது கேபிளுக்குப் பதில் ஒரு ரேடியோ இணைப்பு. காரின் விழிப்புக் குறியை முதல் வளையம் வாங்கும், இரண்டாவது வளையம் அதைச் சாவிக்கு அப்படியே மறுஒலிபரப்பும். சாவியின் விடையோ பல மீட்டர் தானே பயணம் செய்யக்கூடியது. அது நேராகக் காரை வந்தடையும். பத்துக் கார்களும் திறந்தன, பத்திலும் எஞ்சின் கிளம்பியது. இரண்டாவது வளையம் சாவியைத் தொடவேண்டியதுகூட இல்லை. பெருக்கி வைத்தால் சாவியிலிருந்து 8 மீட்டர் தள்ளியிருந்தாலும் போதுமானதாக இருந்தது. இதைத்தான் அஞ்சல் தாக்குதல் என்கிறோம். வீட்டுக்குள்ளிருந்து “யாரது?” என்று கேட்கிறீர்கள், வெளியிலிருந்து உங்கள் மகனின் குரல் பதில் சொல்கிறது, திறக்கிறீர்கள். வாசலில் நிற்பவன் யாரோ ஒருவன், வேறெங்கோ இருக்கும் மகனோடு இணைத்த செல்போனைக் கதவருகே பிடித்துக்கொண்டிருக்கிறான். குரல் உண்மை, பதில் உண்மை, பொய் எதுவும் யாரும் சொல்லவில்லை. குரல் கேட்டதால் ஆள் வாசலில் நிற்கிறார் என்று நீங்கள் எண்ணியதுதான் தவறு.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, ரகசியக் குறியாக்கத்தை வலுப்படுத்தினால் போதாதா என்பது. வலுப்படுத்தவேண்டும் என்பதில் ஐயமில்லை. பெல்ஜியத்தின் கே.யு. லூவன் பல்கலைக்கழகக் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வேதனையான சான்று. டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியைச் செய்து கொடுத்தது பெக்ட்ரான் என்ற நிறுவனம். அதே ஏற்பாடு மெக்லாரன், கர்மா கார்களுக்கும் டிரையம்ப் மோட்டார் சைக்கிள்களுக்கும் போனது. உள்ளே இருந்த குறியாக்கத்தின் பெயர் டி.எஸ்.டி.40. அதன் ரகசிய எண் 40 இருமக் குறிகள் நீளமே. 2005-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். 40 குறிகள் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி ரகசிய எண்கள் சாத்தியம். கேட்கப் பெரிதாக இருந்தாலும் ஒரு முறை உட்கார்ந்து அத்தனைக்கும் விடையைக் கணக்கிட்டு 6 டெராபைட்டுக்குள் அட்டவணையாக்கி வைத்துவிடலாம். சாவியின் விடை 24 குறிகள். தாக்குபவர் தாமே தேர்ந்தெடுத்த சவாலை அனுப்பி ஒரு விடையை வாங்கினால், அட்டவணையில் 65,536 எண்கள் மிஞ்சும். இரண்டாவது சவாலின் விடை அவற்றுள் சரியானதைக் காட்டிக்கொடுக்கும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றிரண்டு நொடியில் இதைச் செய்தது. முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட சவாலுக்குச் சாவி ஏன் விடை சொன்னது? கேட்பது கார்தானா என்று அது சோதிக்கவே இல்லை. டெஸ்லா புதிய சாவியும், ஓட்டுமுன் ரகசிய எண் கேட்கும் வசதியும் கொண்டுவந்தது. மெக்லாரன் தன் வாடிக்கையாளர்களுக்கு அலை புகாத பை ஒன்றை இலவசமாகத் தர முன்வந்தது. பல கோடி மதிப்புள்ள காரைக் காப்பாற்ற ஒரு பை.

ஆனால் ஈ.டி.எச். சோதனையைத் திரும்பப் பாருங்கள். அங்கே யாரும் குறியாக்கத்தைத் தொடவில்லை. உலகின் மிகச் சிறந்த குறியாக்கத்தைப் போட்டிருந்தாலும் அந்தப் பத்துக் கார்களும் திறந்திருக்கும். விடை சரியா என்பது ஒரு கேள்வி. விடை சொன்னவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு எவ்வளவு அழகான பதில் கிடைத்தாலும் அது இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது.

அப்படியானால் கேட்கும் எல்லையைச் சுருக்கிவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. இங்கேதான் இரண்டு கோளாறுகளும் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பது தெரிகிறது. புலத்தைப் பலவீனமாக்கினால், செல்போனை ஒட்டியிருக்கும் சாவியும் வில்லை தேய்ந்த சாவியும் முதலில் செவிடாகும். திருடன் தன் பெருக்கியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வான். புலத்தை வலுப்படுத்தினால் உரிமையாளருக்குத் தொல்லை குறையும், வரவேற்பறை மேசையில் கிடக்கும் சாவி இன்னும் எளிதாக அகப்படும். வலிமையைத் தூரத்தின் அளவுகோலாகக் கொண்டவரை இந்தப் பிடியிலிருந்து விடுதலை இல்லை. ஏனென்றால் வலிமை என்பது எவரும் கூட்டக்கூடியது, எதுவும் குறைக்கக்கூடியது. அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகள் வந்திருக்கின்றன. மேசைமேல் கிடக்கும் சாவிக்கு அது நல்ல காப்பு. கடைத்தெருவில் பையோடு நடந்துபோகிறவரின் சாவி விழித்தேதான் இருக்கும். பழையபடி பொத்தான் ரிமோட்டுக்கே திரும்பலாம் என்பாரும் உண்டு. அஞ்சல் தாக்குதலை அது உண்மையாகவே கடினமாக்கும், பொத்தானை அழுத்தாதவரை சாவி பேசாது என்பதால். ஆனால் 2015-ல் சாமி காம்கர் என்பவர் 32 டாலர் செலவில் செய்த ஒரு கருவி, பொத்தானின் குறி காரை எட்டாமல் இரைச்சலால் தடுத்து, அதே நேரத்தில் அந்தக் குறியைத் தான் பதிவுசெய்துகொண்டது. முதல் அழுத்தம் பலிக்காமல் உரிமையாளர் மறுபடி அழுத்தும்போது, அதையும் பிடித்துக்கொண்டு முதலாவதை விடுவித்தது. கார் திறந்தது, பயன்படுத்தாத இரண்டாவது குறி கருவியிடம் தங்கிவிட்டது. உரிமையாளருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? “சில சமயம் ஒரு தடவைக்கு எடுக்காது” என்ற பழகிப்போன எரிச்சலாகத்தான். நம்பகமில்லாத கருவி, தாக்குதலைச் சாதாரணக் கோளாறாகக் காட்டிவிடுகிறது. நார்த் ஓம்ஸ்டெட்டில் காரணம் தெரியாமல் அவ்வளவு நாள் தடுமாறியதற்கும் இதுவே வேர். தன் அலைவரிசையில் இரைச்சல் நிரம்பியிருப்பது காரின் ரேடியோ வாங்கிக்குத் தெரிந்திருக்கக்கூடியதுதான். அதை மனிதருக்குச் சொல்ல யாரும் அதற்கு வழி வைக்கவில்லை.

தூரத்தை அளக்க ஏமாற்றமுடியாத அளவுகோல் ஒன்று இருக்கிறது: நேரம். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகிறது. அதை வேகப்படுத்த எந்தத் திருடனாலும் முடியாது. இடையில் எவர் புகுந்து அஞ்சல் செய்தாலும் பாதை நீளும், நேரம் கூடுமே தவிரக் குறையாது. அப்படியிருக்க முதலிலேயே ஏன் நேரத்தை அளக்கவில்லை? ஒரு மீட்டரைக் கடக்க அலைக்கு ஆகும் நேரம் சுமார் 3.3 நானோநொடி. காரின் தாழ்ந்த அதிர்வெண் இணைப்போ நொடிக்குச் சுமார் 4,000 குறிகளையே அனுப்பும். ஒரே ஒரு குறியைச் சொல்லி முடிப்பதற்குள் ஒளி 75 கிலோமீட்டர் ஓடிவிடும். ஈ.டி.எச். குழு இதையும் அளந்தது. சாவியின் விடை எவ்வளவு தாமதமாக வந்தால் கார் நிராகரிக்கும் என்று ஒவ்வொரு காரிலும் செயற்கையாகத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பத்தில் மிகக் கண்டிப்பான கார் 35 மைக்ரோநொடி வரை பொறுத்துக்கொண்டது. அதற்குள் அலை 10 கிலோமீட்டர் போய்விடும். மற்றவை நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகளுக்கும், சில பல மில்லிநொடிகளுக்கும் பொறுத்தன. சாவி கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே ஏற்ற இறக்கம் இருப்பதால், வாசலுக்கும் அடுத்த ஊருக்கும் இருக்கும் வேறுபாடு அந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமல் போய்விடுகிறது.

நேரத்தை நானோநொடியில் அளக்க, மிகக் குட்டையான துடிப்பு வேண்டும். துடிப்பு குட்டையாக இருக்க, அது பரந்த அதிர்வெண் பட்டையில் விரியவேண்டும். அல்ட்ரா வைட்பேண்ட் எனப்படும் மீயகலப் பட்டை ரேடியோ செய்வது இதைத்தான். 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் விரியும் அதன் துடிப்பு ஏறத்தாழ 2 நானோநொடியே நீளும்; அதன் வருகையைக் குறித்துக்கொண்டால் தூரத்தைப் பத்து சென்டிமீட்டர் அளவு துல்லியத்தில் சொல்லலாம். விடை அனுப்பச் சாவி எடுத்துக்கொள்ளும் நேரம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதால், அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பயண நேரம். 2020-ல் வந்த ஐ.இ.இ.இ. 802.15.4இசட் தரநிலை, துடிப்பு வரிசையையே குறியாக்கத்தால் கலைத்துப்போட்டு, வெளியாள் முன்கூட்டியே ஊகித்து அனுப்பமுடியாதபடி செய்தது. மீயகலப் பட்டையால் பலன் இருக்கிறதா என்பதற்கு, அந்தத் தரநிலைக்கு முந்தியே சான்று உண்டு. ஜெர்மன் மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. சோதித்த 237 சாவியில்லாக் கார்களில், 2019 தொடக்கத்தில் வந்த விவரப்படி, அஞ்சல் தாக்குதலை முழுமையாகத் தாங்கியவை மூன்று. மூன்றும் மீயகலப் பட்டைக்கு மாறியிருந்த ஜாகுவார் லேண்ட்ரோவர் குழுமத்தின் மாடல்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. மீயகலப் பட்டைக்கும் குறைகள் உண்டு. 6 முதல் 8 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் அலையை மனித உடலின் நீர் விழுங்கும். சாவி பின்பையில் இருந்தால் நேர்ப்பாதைத் துடிப்பு மங்கி, சுவரில் பட்டுத் திரும்பியது மட்டும் வந்துசேரலாம். அப்போது தூரம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், கார் திறக்கத் தயங்கும். ஆனால் இந்தக் குறையைப் போக்க, காரின் நான்கு மூலையிலும் கூடுதல் ஆன்டெனா வைத்தால் போதும். ஏதேனும் ஒன்றுக்கு நேர்ப்பாதை கிடைத்துவிடும். அப்படிச் செய்வதால் திருடனுக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை, ஏனென்றால் தொலைவில் இருக்கும் சாவியின் துடிப்பு எந்த ஆன்டெனாவுக்கும் முன்கூட்டி வந்துவிடாது. வலிமையை அளந்த காலத்தில் ஒன்றுக்கொன்று பகையாக இருந்த நம்பகமும் பாதுகாப்பும் இங்கே பகை தீர்ந்து பிரிகின்றன.

இதுவும் உடைக்கப்பட்டதே என்று சொல்வார்கள். உண்மைதான். 2022-ல் ஈ.டி.எச்., டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஆப்பிள், என்.எக்ஸ்.பி., கொர்வோ நிறுவனங்களின் மீயகலச் சிப்களைக் குறிவைத்து, 12 மீட்டரில் இருப்பதை 0 மீட்டர் என்று காட்டவைத்தார்கள். வெற்றி விகிதம் அதிகபட்சம் 4 விழுக்காடு. அவர்கள் ஒளியை முந்தவில்லை. இரைச்சலைப் புகுத்தி, வாங்கி ஒரு பொய்த்துடிப்பை முதல் துடிப்பாக எண்ணும்படி செய்தார்கள். ஆகவே இது வாங்கியின் கவனக்குறைவு. அளவுகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், தொடர்ந்து மூன்று அளவு ஒத்துவரவேண்டும் என்று கேட்டாலே 4 விழுக்காடு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். வேறு சிலர், திருடர்கள் இப்போது சாவியை விட்டுவிட்டார்களே என்பார்கள். 2023-ல் கென் டிண்டெல் என்ற பொறியாளர் விளக்கிய முறையில், திருடர்கள் முகப்பு விளக்கின் இணைப்பைப் பிடுங்கி, காரின் உள்வலைப்பின்னலுக்குள் ‘சாவி சரி’ என்ற பொய்ச்செய்தியை நேராகச் செலுத்துகிறார்கள். அதை அடைக்க உள்வலைப்பின்னலின் செய்திகளுக்கே முத்திரை வேண்டும். அது வேறு கதவு. ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதற்காக இன்னொன்றைத் திறந்தே போடச் சொல்லும் வாதத்தை நான் ஏற்கவில்லை.

கவலை தரும் மறுப்பு வேறொன்று: சிப் இருப்பதும் அதன் சொல் கேட்கப்படுவதும் ஒன்றல்ல. 2024-ல் பெய்ஜிங்கைச் சேர்ந்த கோகோபைட் நிறுவன ஆய்வாளர்கள், மீயகலச் சிப் பொருத்தப்பட்ட புதிய டெஸ்லா மாடல் 3 காரை நூறு டாலருக்குள்ளான கருவிகளோடு, பழைய அஞ்சல் முறையிலேயே திறந்து காட்டினார்கள். பூட்டைத் திறக்கும் முடிவு இன்னும் புளூடூத்திடமே இருந்தது. தூரத்தை அளக்கத் தெரிந்த சிப் உள்ளே இருந்தும் அதனிடம் யாரும் கேட்கவில்லை. விலைப்பட்டியலில் மீயகலப் பட்டை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர் கேட்கவேண்டியது, அந்த அளவு வராமலே கதவு திறக்குமா, எஞ்சின் கிளம்புமா என்பதை. தயாரிப்பாளர் இதற்கு எழுத்தில் விடை தர மறுத்தால் அதை ‘திறக்கும்’ என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மீயகலச் சிப்பும் வில்லை தீர்ந்த நாளில் ஊமைதான். அதற்கென்று சாவிக்குள் இன்னொரு சிறு சுருள் இருக்கிறது. உள்ளே குறித்த இடத்தில் சாவியை ஒட்டி வைத்தால், காரின் புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று அது பேசும். செல்போனைச் சாவியாக்கும் தரநிலைகளில் என்.எஃப்.சி. அதே வேலையைச் செய்கிறது. ஆனால் இவையெல்லாம் காரின் பெரிய பேட்டரி உயிரோடு இருந்தால்தான். அது செத்த நாளுக்கு ஓட்டுநர் கதவிலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு சாவித்துளை இருக்கவேண்டும். பூட்டை நோண்டித் திறப்பார்கள் என்று ஆட்சேபிக்கலாம். நோண்டுகிறவன் காரின் பக்கத்தில் நின்று நோண்டவேண்டும். நோண்டித் திறந்தாலும் அவனுக்குக் கிடைப்பது இருக்கை மட்டுமே. எஞ்சின் கிளம்ப, அதைத் தடுத்துவைத்திருக்கும் இம்மொபிலைசர் என்ற மின்பூட்டுக்குச் சாவியின் குறியாக்க விடை வேண்டும். அது அவனிடம் இல்லை.